கிட்ட லென்சும் எட்ட லென்சும்

...லென்சுல ஃபங்கஸ்லாம் இல்ல தம்பி, நல்லா பாருங்க, போன்ல டார்ச்லைட்டு அடிச்சே பாருங்க, எனக்கென்ன. உள்ள பூசணம் புடிச்சிருக்கா, கீறல் இருக்கா, கீழ கீழ விழுந்துச்சா... வர்றவன் போறவன் எல்லாம் இதயேதான் கேக்குறான்! எல்லாத்துக்கும் மேல ஒரு கேள்வி இருக்கு பாருங்க, 'அக்கா, விக்கிறதுக்கு என்ன காரணம்?' காரணம் தெரிஞ்சு இவன் என்ன பண்ணப் போறான்? பாசார்ல மீன் வாங்கப் போறவன் மீனப் பாத்து நீ ஏன் செத்தேன்னா கேக்குறான்?

வாங்கி மூணு மாசம்கூட ஆவல. பெரிய மைலோ டின்னு ஒன்னுல வெச்சிருக்கேன். எங்க ஃபேக்டரில சாமானோட சின்னச் சின்ன பாக்கெட்டு வரும்ல, ஈரத்த உறிஞ்சுற உருண்ட, அதுல ஒரு அம்பது பாக்கெட்டு போட்டு, மூடி, மேல துணியக் கட்டி... எம் மகளக்கூட நான் அப்படி பாத்து வளத்தது கெடையாது. அட, உக்காருங்க தம்பி. ஐயோ, அதுல வேணாம், அதுக்கு ஒரு காலு ஆட்டம். இதுல உக்காருங்க. கோப்பி எடுத்துக்குங்க. யான் ஊர்லேர்ந்து வர்றீங்க, இந்த வெயில்ல.

மத்தவனுங்க இருக்கானுங்களே, அஞ்சு பேரு தம்பி, அஞ்சு பேரும் ஒரே பாட்டு. 'பெட்ரோல் ஸ்டேசன்ல பாப்போம் அக்கா, அங்கயே வாங்கிக்கிறேன் அக்கா.' ஏன், நான் என்ன கஞ்சாவா விக்கிறேன்? வீட்டுக்கு வந்து, உக்காந்து, பொறுமையா பாத்து வாங்குறதா இருந்தா வா, இல்லாட்டி வேற எடம் பாருன்னுட்டேன். நீங்க ஒருத்தருதான் சரின்னீங்க. பறவ படம் எடுக்குறவங்களுக்குப் பொறும ஜாஸ்தி போல. நாரைக்காக வயல்ல மூணு மணி நேரம் குந்திக்கிட்டு இருப்பீங்களாமே? அப்ப சரி. நான் சத்தமா பேசுறேன்னு ஒன்னும் நெனைக்காதீங்க, இருவத்திரெண்டு வருசமா மெஷினுக்கு நடுவுல நின்னு பேசுன தொண்ட.

எங்க விட்டேன்... ஆங், காரணம். கேமரா வாங்குனது தப்பில்ல தம்பி. என்ன லென்சு வாங்குறதுன்னு நாலு பேருகிட்ட யோசன கேட்டேன் பாருங்க, அதான் தப்பு. எங்க ஃபேக்டரில காளிதாசன்னு ஒருத்தரு, ஸ்டோர்ல வேல, நல்ல மனுசன், கேமரா பைத்தியம். அவரு என்னைய ஒரு வாட்ஸாப் குரூப்புல சேத்து விட்டாரு. எம்பது பேரு. எல்லாரும் நம்ம கெடா மாநிலத்துக்காரங்கதான், எல்லாரும் போட்டோ எடுக்குறவங்கதான். 'வணக்கம், நான் ரமணி, மொத மொத கேமரா வாங்கப் போறேன், என்ன லென்சு வாங்கலாம்?' இவ்ளோதான் கேட்டேன். ராத்திரி பதினொன்னு வரைக்கும் போன் நிக்கல!

ஒருத்தர் சொல்றாரு, 'அக்கா, அம்பது வாங்குங்க, எல்லாருக்கும் மொதல்ல அம்பதுதான்.' எனக்கு இப்பத்தான் நாப்பத்தெட்டு, அதுக்குள்ள என்ன அவசரம்னு கேட்டேன். எம்பது பேரும் சிரிக்கிற பொம்மைய அனுப்புறானுங்க. அப்பறம்தான் தெரியுது, அம்பதுங்கறது லென்சோட நம்பராம். அதுல ஜூம் கெடையாதாம். ஆளு பெருசா தெரியணும்னா முன்னால நடக்கணுமாம், சின்னதா தெரியணும்னா பின்னால நடக்கணுமாம். 'காலுதான் அக்கா ஜூமு'ங்கறாரு. காசையும் குடுத்துட்டு காலையும் குடுக்கணுமா? இன்னொருத்தரு எம்பத்தஞ்சு வாங்குங்க, மூஞ்சிக்கு நல்லாருக்கும்னாரு. யாரு மூஞ்சிக்கு? இன்னொருத்தரு, வீட்டு விசேசத்துக்கு அகலமா எடுக்குற வைட்டு லென்சு இல்லாம முடியாதுன்னாரு. ரெண்டு பேருக்கும் அதுலயே சண்ட வந்து, ஒருத்தரு குரூப்ப விட்டே போயிட்டாரு. கடைசியா ஒரு பெரியவரு, மரியாதைக்குப் பேரு சொல்ல மாட்டேன், அவரு சொல்றாரு, 'மொதல்ல அந்தக் கேமராவ மாத்துங்கம்மா.' நான் இன்னும் கேமராவே வாங்கல தம்பி!

எனக்கு மனசுக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு. எங்க வேல என்னன்னா, ஸ்கோப்பு இருக்குல்ல, பெருசாக்கி காட்டுற கண்ணாடி, அதுல கண்ண வெச்சு, அரிசில பாதி இருக்கிற எலக்ட்ரானிக் சாமான புடிச்சு, கால் வளைஞ்சிருக்கா, ஒடஞ்சிருக்கான்னு பாக்குறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். இருவத்திரெண்டு வருசம் கிட்டவே பாத்துப் பாத்து, எட்ட ஒன்னு இருக்குன்னே மறந்து போச்சு. பஸ்ஸு நம்பர் தெரியாது, எதிர்ல வர்றது மனுசனா மரமான்னு தெரியாது. அதனால, இருவது வருச சர்வீசுக்குக் கம்பெனில ரெண்டு வருசம் கழிச்சுக் குடுத்த காசு கைக்கு வந்ததும் முடிவு பண்ணிட்டேன். இனிமே எட்ட இருக்கிறததான் பாக்கணும். மலைய பாக்கணும், குருவிய பாக்கணும். போதும்லா இந்தக் கிட்ட பாக்குற பொழப்பு.

இந்த நெனப்போட கடைக்குப் போறேன். இங்கதான், டவுன்ல ஒரு கட. ஷாருல்னு ஒரு மலாய்க்காரத் தம்பி, கல்யாணமானவன், ரொம்ப மரியாத. வாசல்ல பாத்ததும் 'அக்கா, மாசோக், மாசோக்'னு உள்ள கூப்புட்டு உக்கார வெச்சான். பெட்டிய எடுத்தான், கேமராவ காட்டுனான். அப்பறம் ஒரு குட்டி லென்ச எடுத்து மேசையில வெச்சு, 'அக்கா, இனி கிட் லென்ஸ்'ங்கறான். இது கிட் லென்சாம். கேமராவோட சேத்து இதயும் தர்றேன்னான். எனக்கு அப்படியே பூரிச்சு போச்சு தம்பி! என்னைய அக்கான்னு கூப்புட்டவன், லென்சையும் தமிழ்லயே சொல்றான் பாரு, கிட்ட லென்சாம்! எவ்ளோ அழகா சொல்றான், நம்ம புள்ளைங்களே இப்ப இப்படி பேசறதில்லையேன்னு அவன் தலைய தடவாத கொற. கிட்ட இருக்கிறத பாக்குற லென்சு போலன்னு நானா அர்த்தம் பண்ணிக்கிட்டேன்.

நான்தான் கிட்ட பாக்குறத விட்டுத் தொலைக்கணும்னு போயிருக்கேனே! 'கிட்ட வேணாம் தம்பி, எட்ட குடு'ன்னேன். முழிச்சான். சரி, அந்த அளவுக்குத் தமிழ் வராது போலன்னு, 'ஜாவ், ஜாவ்'னு கைய நீட்டி தூரமா காட்டுனேன். அப்பத்தான் இத எடுத்தான், இப்ப உங்க கையில இருக்கே, இத. எழுவதுலேர்ந்து முந்நூறு. 'இதயும் எடுத்துக்குங்க, அதயும் எடுத்துக்குங்க, மொத தடவ வாங்குறவங்களுக்கு கிட் லென்சு வேணும் அக்கா'ன்னு அவன் மலாய்ல கெஞ்சுறான். வேணவே வேணாம், அத கழிச்சுட்டு இதக் குடுன்னு நான் ஒத்தக் கால்ல நிக்கிறேன். 'அக்கா, பெத்துல் தா மாவ்?' நெசமாவே வேணாமான்னு மூணு தரம் கேட்டான் பாவம். நாலாவது தரம் கேட்டிருந்தா கோவிச்சுக்கிட்டு வந்திருப்பேன்.

இந்தக் கதைய காளிதாசன்கிட்ட சொன்னப்ப அவரு வாயில இருந்த மீகோரேங் கேண்டீன் மேசைக்கு வந்துருச்சு. கிட்டுன்னா இங்கிலீசாம்! கேமராவோட செட்டா வர்ற சாமானுக்குப் பேராம். கிட்டவும் இல்ல, எட்டவும் இல்ல. சொல்லப்போனா சின்ன எடத்துல பத்து பேரு நெருக்கி நின்னா, பத்து பேரையும் உள்ள கொண்டு வர்ற லென்சு அதுதானாம். அப்ப அந்த ஷாருல் அத எனக்கு வெளங்குற மாதிரி சொல்ல வேணாமா? அவன் மேலதானே தப்பு? நீங்களே சொல்லுங்க. சும்மா சிரிக்காதீங்க தம்பி.

ஆனா ஒன்னு, லென்ச கொற சொல்ல மாட்டேன். வாங்குன புதுசுல இந்த வாசப்படியிலயே நின்னு ஜெராய் மல உச்சில மேகம் எறங்குறத எடுத்தேன். பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு, அந்தப் பக்கம் நண்டு என்ன வெலன்னு அட்டைய படிச்சேன். எதுத்த வீட்டு இஸ்ஸதி துணி காயப் போடுறா, அவ துணில கிளிப்பு என்ன நெறம்னு சொல்லுவேன். ரெண்டு மாசம் ராணி மாதிரி இருந்தேன். கழுத்துல தொங்கப் போட்டா ஒரு தெம்பு. யாரும் வந்து, 'என்னம்மா தனியாவா இருக்கீங்க'ன்னு கேக்க மாட்டாங்க. கேமரா வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வேல இருக்குன்னு நெனச்சுக்குவாங்க.

அப்பறம்தான் பரிசம் வந்துச்சு. எம் மக ரூபினிக்கு. ஒரே மக, கிளினிக்ல நர்சு. மாப்பிள்ள வீடு கூலிம். நல்ல சனங்க. இவ மொதல்லயே போட்டோவுக்கு ஆள் பேசி வெச்சிட்டா. நான்தான் குதிச்சேன். வீட்டுலயே கேமரா இருக்கு, வெளியாளு எதுக்குடி, அம்மா எடுக்க மாட்டேனான்னு. அப்பறம் சரின்னுட்டு அந்த ஆளுக்குப் போன போட்டு வேணாம்னுட்டா.

இந்த ஹால பாருங்க தம்பி. இத கட்டுனவன் ஒரு நாளாவது இதுல பாய விரிச்சு படுத்துப் பாத்திருக்கணும். அன்னைக்கு இதுக்குள்ள முப்பத்தஞ்சு பேரு. சோபாவ தூக்கி வாசல்ல நிக்கிற காடிக்குப் பின்னால போட்டாச்சு. நான் சாமி படத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு கேமராவ கண்ணுல வெக்கிறேன்... மூக்கு. மாப்பிள்ள மூக்கு. படம் பூரா மூக்கு! நல்ல மூக்குதான், கொற சொல்லல, ஆனா பரிசத்துக்கு மூக்கு மட்டுமா வந்துச்சு? எழுவதுல வெச்சாலும் ஒரு ஆளுக்கு மேல விழ மாட்டேங்குது. சரின்னு பின்னால போனேன். அடுப்படிக்குப் போயாச்சு. அங்கேர்ந்து பாத்தா ஒரு பெரியம்மாவோட கொண்ட. இன்னும் பின்னால போனா கக்கூசு. அதுக்குள்ள ஆளு இருந்துச்சு, இல்லாட்டி அங்கயும் போயிருப்பேன்.

அப்ப வெளியதானே போவணும்? வாசலுக்கு வந்தேன், பத்தல. கேட்டுக்கு வந்தேன், பத்தல. ரோட்டுக்கு வந்தேன். மோட்டாருக்காரன் ஒருத்தன் ஹார்ன அடிச்சு மலாய்ல என்னமோ சொல்லிட்டுப் போறான். ரோட்டத் தாண்டி, லொங்கான் சாக்கடைய தாண்டி, இஸ்ஸதி வீட்டு வாசல்ல போய் நின்னேன் பாருங்க, எல்லாம் சரியா விழுது! கதவு தொறந்திருக்கு, நேரா ஹாலு தெரியுது. இஸ்ஸதி தங்கமான பொண்ணு, நாற்காலி போட்டுக் குடுத்து, சிராப் தண்ணி கலந்து குடுத்து, மெதுவா கேட்டா, 'அக்கா, விசேசம் உங்க வீட்டுலதானே?'

நானூத்திப் பன்னெண்டு படம் எடுத்தேன் தம்பி. அதுல முந்நூத்தி எம்பது முதுகு. கூலிம்காரங்க முதுகெல்லாம் எனக்கு இப்ப மனப்பாடம்.

அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக்காரரு... வீட்டுக்காரருன்னு சொல்றது வாய்ப்பழக்கம். வீட்டுல இல்லாம ஒன்பது வருசம் ஆச்சு. அழகேசன். மெர்கோங்ல அவரு தங்கச்சி காஞ்சனா வீட்டோட இருக்காரு. அடிச்சாரா, குடிச்சாரான்னு கேக்காதீங்க, ரெண்டும் கெடையாது. அடிச்சிருந்தாவது நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம். எனக்குப் பேச்சு ஜாஸ்தி, அவருக்குப் பேச்சே கெடையாது, இவ்ளோதான். ஒரு நா சட்டையெல்லாம் அழகா மடிச்சு எடுத்துக்கிட்டு போனாரு. நான் பேசிக்கிட்டே இருந்தேன், அவரு போனத பாக்கல. அவரு அன்னைக்குப் புது பத்தேக் சட்டையில வந்து, ஹால் நடுவுல நின்னு எல்லாருக்கும் கை குடுக்குறாரு. கூலிம்காரங்க, 'பொண்ணோட அப்பா ரொம்ப அமைதி'ன்னு மெச்சுறாங்க. ஒன்பது வருசம் அரிசி மூட்டைய தூக்கினவ இந்தப் பக்கம், அமைதிக்குப் பேரெடுக்குறவரு அந்தப் பக்கம். நல்லாருக்குலா!

ரூபினி என்கிட்ட கேட்டது ஒன்னே ஒன்னுதான். பரிசத்துக்கு மொத நா கேட்டா. துணி மடிச்சுக்கிட்டு இருந்தோம். 'தட்டு மாத்துறப்ப நீயும் அப்பாவும் சேந்து பிடிங்க. ஒரு நிமிசம். ஒரு படம். அதுக்கப்பறம் ரெண்டு பேரும் எங்க வேணும்னாலும் போங்க.' நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'நான்தானேடி படம் எடுக்குறேன், நானே எப்படி படத்துல விழுவேன்? அதோட இந்த லென்சுல ரெண்டு பேரு சேந்து விழ மாட்டாங்கடி.' லென்சு மேல பழிய போட்டேன். அவ, அப்பன் மாதிரி, மடிச்ச துணியத் திரும்ப ஒதறி மடிச்சா.

தட்டு மாத்துற நேரம் வந்துச்சு. பொண்ணோட அம்மா எங்க, பொண்ணோட அம்மா எங்கன்னு கூலிம்காரங்க தேடுறாங்க. அம்மாகாரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிராப் குடிக்கிறா. கடைசில காஞ்சனாதான் தட்ட பிடிச்சா. பட்டுப்பொடவ, தலை நெறய பூவு, பல்லு பூரா தெரிய சிரிச்சுக்கிட்டு. போன்ல எடுத்த எல்லா படத்துலயும் எம் மகளுக்கு அம்மா மாதிரி அவதான் நிக்கிறா. அன்னைலேர்ந்து மூணு வாரம், ரூபினி என்கூட பேசறதில்ல. அடுத்த மாசம் கல்யாணம். 'அம்மா அன்னைக்குக் கையில கேமரா வெச்சிருந்தா மண்டபத்துக்கு வர வேணாம்'னு இஸ்ஸதிகிட்ட சொல்லி அனுப்பியிருக்கா. எதுத்த வீட்டு மலாய்ப் பொண்ணு வந்து எம் மக சொன்னத எனக்குச் சொல்றா. அதான் விக்கிறேன். போதுமா காரணம்?

இந்தாங்க, இந்தக் கேமராவுலதான் எல்லா படமும் இருக்கு. அழிக்கல. நகத்துங்க... நகத்துங்க... முதுகு, முதுகு, அது மேசக்காலு. இந்த எடத்துல நிறுத்துங்க.

இது ரூபினி. தட்டு மாத்துறதுக்கு முன்னால வாசலுக்கு வந்து நிக்கிறா. வெளிச்சம் மொகத்துல நேரா விழுது பாருங்க. முந்நூறுல எடுத்தது. நெத்திச்சுட்டில எத்தன கல்லுன்னு எண்ணலாம். அவ பின்னால தெரியிறாரு பாருங்க, அவருதான் அவ அப்பா. தட்ட பிடிச்சிருக்காரு. எப்படி பிடிச்சிருக்காரு பாத்தீங்களா? ஒரு ஓரத்துல மட்டும். ரெண்டு கையும் ஒரே ஓரத்துல. மறு ஓரத்த காலியா விட்டு வெச்சிருக்காரு. தேங்கா, பழம், பொடவ, எவ்ளோ கனம் இருக்கும், சாயப் பாக்குது, இருந்தாலும் அந்த மனுசன் நகந்து நடுவுல பிடிக்கல.

நான் உங்ககிட்ட ஒன்னு மறைச்சுட்டேன் தம்பி. காளிதாசன்கிட்ட அந்தக் கதைய சொன்னேன்னு சொன்னேனே... பரிசத்துக்கு அப்பறம்னு நெனச்சிருப்பீங்க. இல்ல. கேமரா வாங்குன மறுவாரமே சொல்லியாச்சு. பரிசத்துக்கு மொத நா அவரு தன்னோட கிட்டு லென்ச கழட்டி, ஒரு சாக்ஸுக்குள்ள போட்டு, 'ஹாலுக்குள்ள இதுதான் அக்கா சரி'ன்னு குடுத்து விட்டாரு. அன்னைக்குப் பூரா அது என் கைப்பைக்குள்ளதான் இருந்துச்சு. சாமி படத்துக்குக் கீழ நின்னு மூக்க பாத்துக்கிட்டு இருந்தேனே, அப்பவும் தோள்ல பை. அடுப்படிக்குப் போனப்பவும், ரோட்ட தாண்டுனப்பவும் தோள்லதான் கெடந்துச்சு. மாட்டுறதுக்கு ஒரு நிமிசம் ஆவாது. மாட்டுனா எல்லாரும் உள்ள விழுந்துருவாங்க. நானும் அங்கயே நிக்கணும்.

இப்ப அடுத்த படத்துக்குப் போங்க. அடுத்து. ஒன்பது படம் இருக்கு, அவ அங்கயே நிக்கிறா. சத்தம் எனக்குக் கேக்கல, நடுவுல ரோடு. ஆனா வாய பாருங்க. இதுல மூடியிருக்கு. இதுல தொறந்திருக்கு. 'ம்மா'ங்கறா. அடுத்ததுல 'வா'. கைய பாருங்க, இப்படி இப்படி. எட்டாவதுல கண்ணு ரெண்டும் நெறஞ்சிருக்கு. ஒன்பதாவதுல திரும்பிட்டா. உள்ள எடுத்த படம் எல்லாம் ஆடிப்போய் கெடக்கு, இந்த ஒன்பதும் ஒரு பொட்டு ஆடல. அவ என்னைய கூப்புடுறா, நான் கண்ண எடுக்காம பட்டன அமுத்துறேன். அவள மட்டும் கூப்புட விட்டுட்டு, நான் அழகா படம் எடுத்தேன் தம்பி. ஷாருல் என்ன பண்ணுவான்? வீடு கட்டுனவன் என்ன பண்ணுவான்? எனக்கு அந்த மனுசன் பக்கத்துல நிக்க பயம். நின்னா ஒன்பது வருசமா நான் வெச்சிருக்கிற ரோசம் எல்லாம் அந்தத் தட்டுலயே கொட்டிடுமோன்னு பயம். எம் மக கேட்ட ஒரே ஒரு நிமிசத்த நான் குடுக்கல.

என்ன கேட்டீங்க? ரூபினி எங்கயா? உள்ளதான் இருக்கா. அந்தக் கதவுதான். இன்னைக்கு அவளுக்கு லீவு, நீங்க வந்தப்பவே உள்ளதான் இருந்தா. அட, ஏன் தம்பி எந்திரிக்கிறீங்க? மெதுவாவா? நான் ஏன் மெதுவா பேசணும்? அவளுக்குக் கேக்கணும்னுதானே உங்கள உக்கார வெச்சிருக்கேன். நேரா போய் சொல்லலாம்தான். நாலு தரம் கதவு வரைக்கும் போனேன். அவ தொறந்தா, அடுப்பு கேஸ் முடிஞ்சுருச்சுடின்னு சொல்லிட்டுத் திரும்பி வர்றேன். எனக்கு எவ்ளோ பேச்சு வரும்னு நீங்களே பாத்தீங்க, மன்னிச்சுக்கோங்கற ஒன்னு மட்டும் வர மாட்டேங்குது. வேற யாருகிட்டயாவது சொல்றாப்புல சொன்னாத்தான் எனக்கு வாய் தொறக்கும். மாமியாக்காரிங்க மருமகள பூனைகிட்ட திட்டுவாங்கல்ல, அந்த மாதிரின்னு வெச்சுக்குங்க. கோவிச்சுக்காதீங்க, உங்கள பூனைன்னு சொல்லல.

இருங்க. போன்... மெசேஜு வந்திருக்கு. கண்ணாடி எங்க வெச்சேன்... ஆ. அவதான். பத்தடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு மெசேஜு போடுறா.

'அம்மா'ன்னு போட்டுருக்கா தம்பி. மொத வார்த்த அதுதான். பாருங்க, நீங்களே பாருங்க, அம்மான்னுதானே இருக்கு? மூணு வாரமா தண்ணி பில்லு, கரண்டு பில்லுன்னு வெறும் மொட்டையாத்தான் அனுப்புவா. 'அம்மா, அந்த அண்ணன விடும்மா, பாவம். அவரு வந்து ஒரு மணி நேரமாச்சு.'

எந்திரிங்க தம்பி. எந்திரிங்க, கெளம்புங்க. லென்ச எடுத்துக்கிட்டீங்களா? மூடி, பெட்டி எல்லாம் அந்தப் பையில இருக்கு. கோப்பி கெடக்கட்டும், விடுங்க. ஐயோ, இன்னும் என்ன டார்ச்சு அடிச்சுப் பாக்குறீங்க, அதான் ஒன்னும் இல்லன்னேன்ல? செருப்ப மாட்டிக்கிட்டு சீக்கிரம் போங்க. கோவத்துல சொல்லல தம்பி. நீங்க இங்க உக்காந்திருந்தா அவ எப்படி வெளிய வருவா?